கழுவிக் காயவைத்த கவர்கள்

போன புதன்கிழமை, கொல்லங்கோட்டில் என் தம்பி வீட்டு வாசலில் இருந்தது மூன்றே பேர். நான், என்னை 'நங்கையா' என்று கூப்பிடும் தம்பி சம்சாரம் பூங்கொடி, பாலக்காட்டுக் கடைக்காரர் வேலாயுதன். நடுவில், அவர் திருப்பிக் கொண்டுவந்த அட்டைப் பெட்டி. உள்ளே அறுபது பாக்கெட் சப்பாத்தி. பூங்கொடி சுட்டது.

"ஏழு நாள் நிக்கும்னு பறஞ்சதல்லே, சேச்சி? நாலாம் நாளே பாருங்க."

ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வட்டம் வட்டமாகப் பச்சைப் பூசணம்...

அரைவேக்காட்டுச் சப்பாத்தி சாதாரண கவரில் மூன்று நாள்தான் தாங்கும். அதனால்தான் பூங்கொடி கோயமுத்தூர் ஏஜென்ட்டிடம் கடனுக்குப் புதுக் கவர் எடுத்தாள். உள்பக்கம் கிராம்பு எண்ணெய்ப் பூச்சு — பூசணத்தை அண்ட விடாதாம். சோதனைக்குக் கொடுத்த நூறு பாக்கெட்டும் ஏழு நாள் நின்றது. வேலாயுதன் தினசரி ஆர்டர் தருவதாகச் சொன்னார். அதை நம்பிக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலையை விட்டாள்.

அப்புறம் எப்படிக் கெட்டது?

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவள். பேக்கிங் என் பொறுப்பு என்றார்கள். புதுக் கவர்க் கட்டைப் பிரித்தால் மருந்து வாடை. பூசணத்தையே கொல்வது பிள்ளைகள் வயிற்றை மட்டும் விட்டுவைக்குமா? புதுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் அடுப்பில் ஏற்றாதவர்கள் நாங்கள். பூங்கொடி கம்பெனியில் கணக்குத் தீர்க்க அலைந்த இரண்டு நாளில், அத்தனை கவரையும் உள்பக்கம் வெளியே திருப்பி, சுடுதண்ணீரும் சீயக்காய்த் தூளுமாகத் தேய்த்து, மொட்டை மாடியில் காயப்போட்டேன். வாடை போகும் வரைக்கும்.

கட்டோடு ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷ். நான் ஏழாவதோடு நின்றவள். யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம்... இதுகூடத் தெரியாதா என்பார்களே?

வாசலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூங்கொடி அந்தக் காகிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். வேலாயுதன் படித்தார்.

"நனைக்கக் கூடாதுன்னு முதல் வரியிலேயே உண்டு."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். "நல்லவேளைங்க நங்கையா. சப்பாத்தியைக் கழுவாம உட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, பழைய கவர்லயே மூணு நாளைக்குப் போட்டுத் தரட்டுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"மூணு நாள் சரக்கு கடையில நிறைய உண்டு சேச்சி. வேற ஆளை ஏற்பாடு பண்ணியாச்சு."

போய்விட்டார். கம்பெனியில் அவள் இடத்துக்கும் ஆள் வந்தாயிற்று.

பயந்தவர்கள் மூலையில் ஒடுங்கிக் கிடப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பயந்தவர்கள்தான் எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். சும்மா இருக்கத்தான் தைரியம் வேண்டும்.

பூசணத்தைத் தடுக்கக் கவர் வந்துவிட்டது. என்னைத் தடுக்க?

வாசம் போன கவர் ஆயிரத்து நானூற்று நாற்பது, பரண்மேல் கிடக்கிறது. ஏஜென்ட்டுக்குப் பூங்கொடி தரவேண்டியது ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.