மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு வேன் சவாரி

துறைமுக வாசலில் வேன் ஓட்டுகிறவனுக்கு உலகத்து மொழிகள் எல்லாவற்றிலும் இரண்டு வார்த்தை தெரிந்திருக்கும்: ஒன்று "சீக்கிரம் போ", மற்றது அச்சில் ஏற்ற முடியாதது. செல்போனில் இன்கமிங் இலவசமான புதிதில், ராயபுரத்தில் வெளிநாட்டுக் கப்பல்காரர்களுக்கான ஒரு கிளப்பில் நான் வேன் ஓட்டினேன். துறைமுக கேட்டில் ஏற்றி, கிளப்பில் இறக்கி, கப்பல் கிளம்புவதற்குள் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். ஸ்டியரிங் பிடித்த புண்ணியவான்களே, மிச்சத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதில் வருவது பெரும்பாலும் என் தோஸ்து வின்சென்ட் சங்கதி. "எழுது மாமு" என்று அவனே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

முன் சீட்டு

கொழும்புக்கும் சென்னைக்கும் ஓடிய ஒரு கண்டெய்னர் கப்பல் வாரம் தவறாமல் வரும். அதன் சமையற்காரன் ஜோஜோ, பிலிப்பைன்ஸ்காரன். முதல் நாளே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டேன். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், ஊரில் ஒருவன் காத்திருக்கிறான் என்றான். சர்க்கரை இல்லாமல் டீ கேட்கிற தோரணையில் சொன்னான். எனக்கு கிளட்ச் நழுவி வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

பின் சீட்டுகளில் அவன் கப்பல் ஆட்கள். சிரிப்பார்களோ, அடிப்பார்களோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அவர்களில் ஆள் வாட்டசாட்டமான ஒருவர் என் தோளைத் தட்டி ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இவன் வைக்கிற குழம்பு நல்லா இருக்கும். நீ வண்டியை எடு."

திரும்ப வேண்டிய தெரு

வின்சென்ட் கிளப் கவுண்டரில் போன் கார்டு விற்பவன். ராயபுரத்துக் கோயில் தெருக்காரன். ஜோஜோ கதையை அவனிடம் ரசித்துச் சொன்னேன். அவன் ரசிக்கவில்லை. "எல்லார் எதிர்லயும் சொன்னானா? யாரும் அடிக்கலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. டியூப் லைட்டு.

அடுத்த வாரம் எண்ணூரில் நிலக்கரிக் கப்பல் ஆட்களுக்கு போன் கார்டு கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் திரும்பினோம். காலடிப்பேட்டை தாண்டும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஜோஜோ மாதிரிதான் மாமு" என்றான். எனக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக இவன் இதை யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தான் என்கிற பதைப்பு. அந்தப் பதைப்பில் கிளப் தெருவை விட்டுவிட்டு பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிவிட்டேன். வின்சென்ட் சொன்னான்: "திரும்புற எடத்த வுட்ட. பரவால்ல, எனக்கும் பேசறதுக்குக் கொஞ்சம் ரோடு வேண்டிக்கீது."

இரண்டாம் ஓலை

விஷயம் தெரியாத அவன் அம்மா கொருக்குப்பேட்டையில் ஸ்டெல்லா என்ற பெண்ணைப் பேசி முடித்துவிட்டார். அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பது. முதல் ஓலை முடிந்தது. வின்சென்ட் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஜோஜோ பூசைக்குப் போக வேண்டும் என்றான். அதற்குள் கிளப் கவுண்டரில் வின்சென்ட் அவனிடமும் தன் விஷயத்தைச் சொல்லியிருந்தான், கல்யாணப் பேச்சைத் தவிர. கூட்டிப்போனேன். கோயில் என்னுடையதில்லை என்றாலும் கடைசியில் நின்றேன். சாமியார் ஓலை வாசித்தார். ஜோஜோவுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் "வின்சென்ட்" என்ற பெயரும் அதைத் தொடர்ந்து ஒரு பெண் பெயரும் காதில் விழுந்தன. சட்டென்று திரும்பி, பக்கத்தில் நின்ற வின்சென்ட் முகத்தைப் பார்த்தான். பூசை முடிந்ததும் வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இது இரண்டாவது ஓலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்க ஊர்லயும் மூணு ஞாயிறு படிப்பாங்க. இன்னும் ஒண்ணு பாக்கி. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

கேட் மூடியிருந்தது

வின்சென்ட் இல்லை என்று தலையாட்டியதும், இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை நேராகக் கொருக்குப்பேட்டைக்கு விட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. முடிவே இல்லாத ஒரு கூட்ஸ். "வோணாம் மாமு, திருப்பு" என்று வின்சென்ட் கதவைத் திறந்தான். ஜோஜோ எட்டி அந்தக் கதவைச் சாத்தினான். அவன் கப்பலுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.

ஸ்டெல்லாவைத் தெருமுனைக்கு அழைத்து வின்சென்ட் எல்லாவற்றையும் சொன்னான். "பத்திரிகை அடிச்சாச்சு! இப்போ வந்து சொல்றியா நீ?" என்று அவள் கத்தியது வேனுக்குள் கேட்டது. பிறகு அழுதாள். பிறகு, பையன் பிடிக்கவில்லை என்று தானே சொல்லிவிடுவதாகவும், அவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னாள். வின்சென்ட் முடியாது என்றான். கல்யாணம் வேண்டாம் என்பது தன் முடிவு, அதை அவள் தலையில் கட்டமாட்டேன் என்றான். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உன்ன மன்னிக்கிறதுக்கு எனக்கு டைம் ஆகும். ஆனா என் வாழ்க்கைய என் கையில குடுத்துட்டுப் போற பாரு, அதுக்கு ஒரு தேங்ஸ்."

மூன்றாம் ஞாயிறு

ஓலையில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படவில்லை. தன் விஷயத்தையும் ஜோஜோ துணைக்கு வந்த கதையையும் வின்சென்ட் அம்மாவிடம் சொல்லிவிட்டான்; வீட்டில் பெரிய பேஜாரு. அவன் அம்மா சோறு போட்டார், பேசவில்லை. தெருவே பேசியது. அவன் ராத்திரி தூங்க என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பிறகு ஒரு நாள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா எதிரில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று வாளியைக் கீழே வைத்தேன். கண் சிவந்திருந்தது. "அந்தக் கப்பல்காரப் புள்ள இந்த ஞாயித்துக்கெழம வருதா? வூட்டுக்கு இட்டாந்துரு நைனா, மீன் கொழம்பு வெக்கிறேன். அவங்கம்மா இத எப்டித் தாங்கினாங்கன்னு நான் கேக்கணும்."

கப்பல்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் வேலை என்று சொல்லி என்னைச் சேர்த்தவர்கள், கல்யாணத்தை நிறுத்துவதும் மீன் குழம்புச் சாப்பாட்டில் அந்த அம்மாவுக்கும் ஜோஜோவுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதும் அதே சம்பளத்தில் அடக்கம் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.