நெருங்கிய வட்டாரம்

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் நானும் அக்காவும் டிவியில் ஒரு நையாண்டி நிகழ்ச்சி பார்ப்போம். சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு சொல்லும் செய்திகளைக் கிண்டலடிப்பதுதான் அதன் வேலை. தொளதொள கோட்டு மாட்டிய ஒருவர் குரலை நடுங்கவிட்டுக் கேட்பார்: "அந்த மூன்றெழுத்து நடிகை தனியாகப் போய்த் தயிர் வாங்கியது ஏன்? நெருங்கிய வட்டாரம் அதிர்ச்சி." அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் பெயரும் மூன்றெழுத்துதான்.

கல்யாணமாகி வந்தவாசிக்குப் போனவள், முதல் ஆடிக்கு ஆரணி வந்தாள். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அந்த ஞாயிறு தயிர் ஜோக்குக்குக்கூட அவள் சிரிக்கவில்லை. நான் கேட்டேன்.

"அவரு அடிக்கிறாருடா. நான் திரும்பிப் போறதா இல்ல. ஒரு வேல தேடிகினு அப்பாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் யாராண்டயும் வாயத் தொறக்காத."

திறந்தேன். விசைத்தறிக் கொட்டகையில் பக்கத்துத் தறி ஓட்டும் சிநேகிதனிடம் சொன்னேன். மனசு தாங்காமல் சொன்னதாகத்தான் ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற அற்பப் பெருமை.

ஆவணி பிறந்தது. அப்பா டீக்கடைக்குள் நுழைவதைக் கவனிக்காமல் ஒருவர் அதே குரலில் ஆரம்பித்திருக்கிறார்: "ஆடி முடிந்தும் அந்த மூன்றெழுத்துப் பெண் ஊர் திரும்பாதது ஏன்? புருஷனின் கைவரிசையா? நெருங்கிய வட்டாரம் அதிர்ச்சி." கடையே சிரித்ததாம். அப்பா டீ குடிக்காமல் வீட்டுக்கு வந்தார்.

"எந்த வூட்லதான் அடி இல்ல? தெருவுல தலகாட்ட முடியல. கெளம்பு," என்றார். எப்படிச் சொல்வது என்று அக்கா ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்த எதையும் அவர் காதில் வாங்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. திறக்கவேண்டிய நேரம் அதுதான்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிப்போனேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"போனதும் போன் பண்ணுக்கா."

"பண்றேன். நீதான நெருங்கிய வட்டாரம்," என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அவள் பண்ணவில்லை. நான் கூப்பிட்டால் எடுத்து, "நல்லாகீறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். டீக்கடையில் இப்போதும் விசாரிக்கிறார்கள், அக்கா எப்படி இருக்கிறாள் என்று. எனக்குத் தெரியாது.