வலப்பக்கத்துப் புல்லாங்குழல்

செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மூணாறிலிருந்து உங்கள் பிரின்சியின் அழைப்பு வந்தது. வழக்கமாக அவள் குரல்பதிவுதான் அனுப்புவாள். நேராக அழைத்ததுமே மனதில் ஏதோ தட்டியது. "மிஸ், சேவியர் அண்ணன் போயிட்டாங்க" என்றாள். "எங்க போயிட்டாருங்க?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது. அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. காலை ஷிப்டுக்குப் புறப்பட்டு, ஷூ மாட்டுவதற்காக வாசலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நாற்பத்தொரு வயது.

மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த சேவியரை, இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பும் கலைந்த பிறகு, பங்கு மண்டபத்தில் உங்களோடு உட்கார்ந்து இருபது நிமிடப் பாட்டுகளைக் கேட்ட சேவியர் அண்ணன். நீங்கள் அறியாத இருபது வயது சேவியர் ஒருவர் உண்டு. அவரோடு பாலக்காட்டில் படித்தவள் நான். அவரைப் பற்றி எழுதித் தரும்படி பிரின்சி கேட்டாள். நல்லதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

கல்லூரியில் முதல் நாளே அவருடைய பேச்சு எனக்கு வேடிக்கையாக இருந்தது, என்னுடையது அவருக்கு. நான் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம். எதற்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். "உங்க ஊர்ல திட்டுறதுகூட மரியாதையாத்தான் திட்டுவீங்களா சுகுணா?" என்று கேட்பார். "ஆமாங்க, வேணும்னா திட்டிக் காட்டட்டுங்களா?" என்பேன். அவர் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா தொழிற்சாலையில், அம்மா கொழுந்து பறிப்பதில். மலையை விட்டு முதன்முறையாகக் கீழே இறங்கி வந்திருந்தார். வகுப்பில் எப்போதும் வலப்பக்கச் சுவரை ஒட்டிய இருக்கையில்தான் உட்காருவார். அதை நான் ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் விடுதியில், படிப்பு முடிந்து போன யாரோ ஒருவர் அலமாரியில் விட்டுச்சென்ற குறுந்தகடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. மேலே பெயர் எதுவும் இல்லை. உள்ளே மூன்றே பாட்டுகள். மிகச் சிறியதே பதினெட்டு நிமிடம். என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சிடி பிளேயரும் ஹெட்போனும் என்னிடம் இருந்தன. இப்படித்தான் நாங்கள் கூட்டுச் சேர்ந்தோம். ஒரு வாரம் என்னிடம், மறுவாரம் அவரிடம். அந்த வகைப் பாட்டுக்குப் புரோக்ரசிவ் ராக் என்று பெயர் என்பதே எங்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர்.

சினிமாப் பாட்டில் பல்லவி எப்போது திரும்பி வரும் என்று நம் காதுக்குத் தெரியும். இவற்றில் போனது திரும்பி வருவதே இல்லை. வந்தாலும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான். "இது புரியலீங்க" என்று பிளேயரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சொன்னார்: "பிடிக்கலன்னு சொல்லு, பரவாயில்ல. புரியலன்னு சொல்லாத. பைய இன்னும் ஒருக்கா கேளு." நீங்களும் அவர் வாயால் இதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒருநாள் கேன்டீன் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நம்பரின் தாளம் எங்கேயோ இடறுகிறது, எண்ணினால் எட்டு வரவில்லை என்றார். நான் சிறுவயதில் கொஞ்சம் பாட்டுக் கற்றிருந்தேன். "ஏழுங்க. மூணும் நாலும். எங்க பாட்டு டீச்சர் இதை மிஸ்ர சாபுன்னு சொல்லுவாங்க" என்றேன். அவர் மறுபடி தட்டிப் பார்த்தார். சரியாக வந்து விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனிதர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இரண்டாம் நம்பர். அதன் நடுவில் ஓரிடம் வரும். டிரம்ஸ் நின்றுவிடும். கீபோர்டு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை அவர் 'வெறும் இடம்' என்பார். எங்கள் பேச்சில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் மெல்ல வந்து நான்கு நிமிடம் தனியாக அலையும். அவ்வளவு லேசான குழலாக இருப்பதால்தான் வெறும் இடம் என்கிறார், கவிதையாகப் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டின் கடைசியில், இந்த மூன்று பாட்டுகளையும் மற்ற மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்ற யோசனை அவருடையது. கருத்தரங்க அறையையும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் கேட்டு வாங்கினார். நாற்பது பேர் வந்தார்கள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர், இரண்டாம் நம்பரைப் பற்றிப் பேசினார். "நடுவுல ஒரு இடம் வரும். அங்கன ஒண்ணுமே நடக்காது. எங்க மலையில காலையில மஞ்சு எறங்கி நிக்கும், அப்ப எதிர்ல இருக்கிற செடிகூடத் தெரியாது. அந்த மாதிரி. யாரும் பேசாதீங்க, அந்த வெறும் இடத்தைக் கேளுங்க" என்றார்.

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. ஸ்பீக்கரிலிருந்து குழல் புறப்பட்டு அறை முழுக்க நிறைந்தது. முன்வரிசையில் ஒரு பையன், "என்ன சேட்டா, ஒண்ணும் இல்லன்னீங்க, புல்லாங்குழல் வருதே?" என்றான். நான் சேவியரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வேடிக்கையாகப்பட்டது. மைக் என் கையில் இருந்தது.

"ஏனுங்க சேவியர், ஆறு மாசமாக் கேக்கறேன்னு சொன்னீங்க, குழல் இருக்கறதே தெரியலீங்களா? காதை வாடகைக்கு உட்டுட்டீங்களா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. குழல் இன்னும் முடிந்திருக்கவில்லை.

மறுநாள் குறுந்தகடு ஒரு பையன் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. கோபித்துக்கொண்டார், நான்கு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். சரியாகவில்லை. பார்த்தால் தலையசைப்பார், நடந்துவிடுவார். கடைசி ஆண்டில் அவர் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பம் கொடுத்து, எழுத்துத் தேர்வில் வென்று, மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டார். வகுப்பில் அப்போதுதான் பேச்சு அடிபட்டது. சேவியருக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போனது. ஊர்ப் பள்ளியில் அவருக்கு 'ஒத்தக்காது' என்று பெயராம். பாலக்காட்டில் யாருக்கும் தெரியாது என்பதால்தான் இங்கே அவ்வளவு நிம்மதியாக இருந்தாராம்.

அன்று மாலை அந்த ஹெட்போனை எடுத்து இடப்பக்கத்தை மட்டும் காதில் வைத்து இரண்டாம் நம்பரைக் கேட்டேன். பழைய கால ஒலிப்பதிவு. குழலை முழுக்க வலப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவர் சொன்னது போல வெறும் இடம். அந்த அறையில்தான், நாற்பது பேர் நடுவில், அந்தக் குழலை அவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டிருக்கிறார்.

அப்போதாவது நான் போய்ப் பேசியிருக்க வேண்டும். அவருடைய விடுதி நடந்து போகிற தூரம். எதைச் சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தேர்வு வந்தது, முடிந்தது, அவர் மலைக்குப் போய்விட்டார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து போனில் ஒரு பெண் குரல்: "மிஸ், நான் பிரின்சி. பிளஸ் டூ படிக்கிறேன். சேவியர் அண்ணன் உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க." இடையில் நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். மூணாறு ஜீப் ஓட்டம் ஒன்றைக் காட்டும் ரீல்ஸில் பின்னணியாகப் பதினைந்து விநாடி ஏதோ ஒரு பாட்டு ஒலித்திருக்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்று தேடிப்போனவளுக்கு இருபத்துமூன்று நிமிடப் பாட்டு அகப்பட்டது. மண்டபத்தில் தோழிகளுக்கு அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மின்விசிறியைச் சரிசெய்ய சேவியர் ஏணியில் ஏறியிருந்தார்.

"பாட்டு முடியிற வரைக்கும் எறங்கவே இல்ல மிஸ். டெஸ்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. விழுந்துருவாங்களோன்னு நாங்க ஏணியப் பிடிச்சுக்கிட்டோம். முடிஞ்சதும், 'இந்த மாதிரி வேற இருக்கா பாப்பா'ன்னு கேட்டாங்க."

அப்படித் தொடங்கியதுதான் உங்கள் இரண்டாம் ஞாயிறு. ஆகவே சேவியர் உங்களுக்கு அந்த இசையைக் கொடுத்தார் என்று யாராவது பேசினால் அது பாதிதான் உண்மை. நீங்கள்தான் அவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்குப் பேருந்தில் வந்து சேர்ந்த அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சுகுணா, திட்டுறதுக்கு ஆள் இல்லாம கஷ்டப்பட்டுட்டேன்" என்றார். புதிதாக வந்த இரண்டு பையன்களுக்கு அன்று அவர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிய விதத்தைப் பார்த்தேன். முதலில் இயர்போனின் இடப்பக்கம் மட்டும். பிறகு வலப்பக்கம் மட்டும். கடைசியில் இரண்டும். "எனக்கு ஒத்தக்காதுடே. அதனால எல்லாத்தையும் ரெண்டு தடவ கேக்கணும். நீங்களும் ஒருக்கா அப்படிக் கேட்டுப் பாருங்க. எது இல்லன்னு தெரிஞ்சாத்தான் எது இருக்குன்னு தெரியும்" என்றார். அந்தப் பழைய பட்டப்பெயரைச் சொல்லி அவரே சிரித்தார். பையன்கள் மூன்றாம் முறை இரண்டு காதிலும் கேட்டபோது அவர்கள் கண் விரிந்ததைப் பார்த்து அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

பிறகு எழுந்து என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தார். "இவங்க என்கூடப் படிச்சவங்க. ஏழு தாளம் எண்ணக் கத்துக்குடுத்தவங்க. ஒரு பாட்டுல எனக்குக் கேக்காத புல்லாங்குழல் ஒண்ணு இருந்துச்சு. அது இருக்குன்னு எனக்குச் சொன்னதே இவங்கதான்" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கைகூப்பி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

அப்படி நடக்கவில்லை என்று அன்று நான் சொல்லவில்லை. அதன்பிறகு மூன்று ஆண்டுகளில் ஐந்தாறு முறை மலையேறி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேநீர் குடிக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, வார்த்தை தொண்டை வரை வந்திருக்கிறது. அவரே மறந்துவிட்டார், நான் ஏன் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுவேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அவர் மனைவி ஸ்டெல்லா என்னை உள்ளே அழைத்தார். கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், கல்யாணம் ஆன புதுசுல வீட்டுல ரேடியோகூடப் போடவிட மாட்டாரு. ஏன்னு கேட்டப்ப, அந்தக் காலேஜ்ல நடந்ததைச் சொன்னாரு. நீங்க சொன்ன வார்த்தையையும் சொன்னாரு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க மேல அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க மொத தடவ வந்துட்டுப் போனப்ப நான்தான் கேட்டேன், பிள்ளைங்ககிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு. 'நான் சொன்னா அது குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும். அவங்களாச் சொல்லட்டும். சொல்லுவாங்க'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் உங்களை பஸ் ஏத்திவிட்டுட்டு வருவாரு. நான் என்னன்னு கேப்பேன். 'இன்னைக்கு இல்ல'ன்னுட்டு சாப்பிட உக்காந்துருவாரு."

ஆகவே இப்போது சொல்கிறேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மையல்ல. புல்லாங்குழல் இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அது அவருக்குக் கேட்கவில்லை என்பதை வைத்து நாற்பது பேர் முன்னால் சிரித்தேன். அவர் வாழ்க்கையில் பதினேழு ஆண்டுகள் இசையே இல்லாமல் போனதற்கு அந்தச் சிரிப்பு காரணம். இதை அவர் உயிரோடு இருந்தபோது, அந்த மண்டபத்தில், அவர் எதிரில் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடமும் ஸ்டெல்லாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டிருக்க வேண்டியது அவரிடம்.

உங்கள் கூட்டங்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பாட்டு முடிந்ததும் சேவியர் உடனே பேசமாட்டார். யாராவது கருத்துச் சொல்லத் தொடங்கினால் கையை லேசாகத் தூக்குவார். ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருப்போம். கேட்டது உள்ளே போய் உட்காரட்டும் என்பார். அந்த ஒரு நிமிடத்தை நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவன் தவறான விடை சொன்னால், மற்றவர்கள் சிரிக்கத் தயாராகும்போது, நான் வாய் திறக்காமல் காத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பையன் சொல்ல வந்தது வேறு ஏதோவாக இருக்கிறது. அன்று கையில் மைக்கோடு நின்றபோது அந்த ஒரு நிமிடம் என்னிடம் இருந்திருக்கலாம்.