யூரியா இல்லை, பாசிதான்

இன்று பின்னேரம் பக்கத்து வயல்காரர் கந்தையா அண்ணை வரம்பில் என்னை மறித்தார்.

"உன்ரை வயலிலை அந்த ஒரு மூலை மட்டும் கரும்பச்சையாக் கிடக்கு. யூரியாவை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

யூரியாவுக்கு அரசாங்கத் தடை வந்த பிறகு, ஒரு பிடி வைத்திருப்பதே வில்லங்கம்.

"யூரியா இல்லை அண்ணை, பாசி."

நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கும் என்று சொல்லி, பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சர் அதில் ஒரு போத்தல் சும்மா தந்தவர். சும்மா தந்ததால் எனக்கும் சந்தேகம். வீட்டுத் தொட்டியில் பெருக்கி, ஒரு மூலைக்கு மட்டும் ஊற்றினேன்.

"காத்தைத் தின்னுற பாசியோ? ஆருக்குக் கதை விடுறாய்? தொட்டியைக் காட்டு."

கூட்டிப்போனேன். தொட்டி பளபளத்தது. வெள்ளிக்கிழமையல்லவா, மனைவி தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"ஒரே பச்சை ஊத்தை அண்ணை, தேய்ச்சுக் கை நோகுது" என்று அவரிடமே முறையிட்டாள்.

கந்தையா அண்ணை என் வைக்கோற் போரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். நம்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். நம்பாதவர்கள், போரைப் பிரித்தால் திரும்ப அடுக்கிவிட்டுப் போங்கள்.