எட்டுக் கம்ப்யூட்டர் அடுக்கிய கதை

இரண்டாயிரங்களில், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் பின்னறையில் எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களை இணைத்து, ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைத்தேன். ‘சூப்பர் கம்ப்யூட்டர்’ என்று நானே பெயரும் சூட்டிக்கொண்டேன். இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருந்தேன். தினமும் மதியத்துக்குள் நடுவில் இருப்பவை சூடேறி அணைந்துவிடும். கரண்டைத் திட்டினேன், ஃபேனைத் திட்டினேன், நானே எழுதிய புரோகிராமையும் விடவில்லை.

சூளையில் கப்புகளை அடுக்கும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“இப்படி நெருக்கி அடுக்குனா நடுவுல சூடு எப்படி சார் வெளிய போவும்? கொஞ்சம் எடம் வுட்டு வைங்க.”

வைத்தேன். அன்று ஒன்றும் அணையவில்லை.

“ஆமா, இது என்னா கணக்கு சார் போடுது?”

“சூளையில எவ்ளோ எடம் வுட்டு அடுக்கணும்னு பாக்குதுங்க.”

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கப்பு அடுக்கப் போய்விட்டார்.