ஐந்தாவது ஆல்பமும் ரூவி ரெஜி அண்ணனும்

ரெஜி அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம் கடையிலேயே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

மஸ்கட்டில், ரூவி பகுதியில் இருந்தவர்களுக்கு அவர் கடை தெரிந்திருக்கும். எங்கள் கார்கோ ஆபீஸுக்குக் கீழே, முதலில் கேசட், பிறகு சிடி, கடைசியில் மொபைல் சார்ஜரும் சேர்த்து விற்ற கடை. யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் அதிகம் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் என்று பெயர்தான், ஆபீஸில் போன் அடித்தாலே பயம். டூட்டி முடிந்து என் அண்ணன் வண்டி வரும்வரை ரோட்டில் நிற்கக் கூச்சமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ரெஜி அண்ணன் ஒரு நாள் கடைக்குள் ஸ்டூல் போட்டார். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான்.

வியாழன் சாயங்காலம் மட்டும் கடை வேறு மாதிரி இருக்கும். எங்கள் மேனேஜர் முரளி சார், ஒரு கணக்கு வாத்தியார், இன்னும் சிலர்... எல்லோரும் ஒரு பழைய பிரிட்டிஷ் ப்ரோக்ரஸிவ் ராக் பேண்டின் ரசிகர்கள். ஒரே பாட்டை அரை மணி நேரம் வாசிக்கிற பேண்ட். எண்பதுகளில் ரெஜி அண்ணன் காப்பி செய்து விற்ற கேசட்டில் கேட்டு ரசிகர்களானவர்கள்.

அவர்கள் ஒற்றுமையாக வெறுத்தது அந்த பேண்டின் ஐந்தாவது ஆல்பம். அதன் நீளமான பாட்டு மெல்ல அடங்கிப்போய், சம்பந்தமே இல்லாமல் ஒரு டிஸ்கோ பாட்டு வரும். காசுக்காக டிஸ்கோ போட்டுக் கெட்டுப்போனார்கள் என்பார் முரளி சார். ஆபீஸில் ஷிப்மெண்ட் சொதப்பினால்கூட "இது அஞ்சாவதும்மா" என்பார்.

ரெஜி அண்ணன் மட்டும் முதல் பக்கம் நல்லாயிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

போன வருடம் லண்டனிலிருந்து வந்த அவர் மச்சான் அந்த ஆல்பத்தின் ஒரிஜினல் சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டபோது கடையில் அவரும் நானும்தான். நீளப் பாட்டு அடங்கி அடங்கி, சத்தமே இல்லாமல் போனது. சிடியை எடுக்கக் கையை நீட்டினார். ப்ளேயரில் நேரம் காட்டும் நம்பர் மாறிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இன்னும் ஓடுது," என்றேன்.

கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிடார், ரொம்பத் தூரத்தில் இருந்து வருவது போல... பிறகு எல்லா வாத்தியமும். பாட்டு அதற்குப் பிறகும் வெகுநேரம் போனது. டிஸ்கோ வரவே இல்லை.

அந்தக் காலத்தில் கேசட்டில் டேப்பைக் காலியாக விட்டால் கஸ்டமர் சண்டைக்கு வருவாராம். ஆல்பம் முடிந்ததும் கையில் கிடைத்த பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். இரவல் வாங்கிய இசைத்தட்டிலிருந்து இதைப் பதிவு செய்த ரெஜி அண்ணன், சத்தம் அடங்கியதும் முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிட்டு, மீதி டேப்பில் டிஸ்கோவைப் போட்டுவிட்டார். ஊர் முழுக்க அந்தக் காப்பிதான் போனது. தட்டைத் திருப்பிக் கொடுத்தபின் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"இதைச் சொன்னா இனி ஆர் பிள்ளை இந்தக் கடைக்கு வருவினம்? சொல்லாட்டி அந்த பேண்ட்காரங்கட பேர் கெட்டபடியே கிடக்கும்," என்றார்.

எம்பி3 வந்தபின் பாட்டு வாங்க அந்தக் கடைக்கு வந்தது வியாழக்கிழமை ஆட்கள் மட்டும்தான்.  

அடுத்த வியாழன் எதுவும் சொல்லாமல் சிடியைப் போட்டார். பாட்டு அடங்கியதும் முரளி சார் எழுந்து, இடுப்பில் கை வைத்து டிஸ்கோ ஆடத் தயாராக நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கிடார் வந்தது. முரளி சார் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். நடுவில் ஒருவர் ரீசார்ஜ் கார்டு கேட்டு வந்தார்... யாரும் திரும்பவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த டிஸ்கோ அவங்கள் போட்டதில்லை. நான் போட்டது," என்றார் ரெஜி அண்ணன், பாட்டு முடிந்ததும்.

முரளி சாருக்கு நிஜமாகவே கோபம். "யோவ் ரெஜி, இருபது வருஷமா அவனுங்களைத் திட்டிட்டிருக்கேன்யா. என் கல்யாண ரிசப்ஷன்ல நின்னுகூடத் திட்டினேன்."  பிறகு, "சரி, முதல்லேர்ந்து போடு."

அதற்குப் பிறகு பல வியாழன்கள் அதே சண்டைதான். அதுதான் அவர்களின் பெஸ்ட் என்று முரளி சார் கட்சி மாறினார். அவ்வளவெல்லாம் இல்லை, நடுத்தரம்தான் என்றார் வாத்தியார். அந்த இடத்தில் டிஸ்கோ வராதது தனக்கு என்னவோ போல இருக்கிறது என்றும் சொன்னார். ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு, பிறகு வரவேயில்லை.

ரெஜி அண்ணனுக்கு அது போதவில்லை. பழைய கஸ்டமர் யார் வந்தாலும் அந்தக் கேசட்டைத் தன்னிடம் வாங்கினார்களா என்று கேட்பார். ஆமாம் என்றால் என்னை எழுப்பிவிட்டு அவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, முழுப் பாட்டையும் போடுவார்.

போன மாதம் இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோஹாரிலிருந்து சார்ஜர் வாங்க வந்த ஒரு தமிழ் ஃபோர்மேன் அப்படி மாட்டிக்கொண்டார். கடைசிவரை கேட்டார். சார்ஜரை வாங்கிக்கொண்டு போனார்.

இன்று முரளி சார் உடலைக் கொழும்புக்கு அனுப்பும் பேப்பர் வேலையாக அலைந்துகொண்டிருக்கிறார். ரெஜி அண்ணனின் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்லிக் கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார். திறந்து உள்ளே போனதும் கடை போன் அடித்தது.

அந்த சோஹார் ஃபோர்மேன். விஷயத்தைச் சொன்னேன். 

அவர் தங்கியிருக்கும் லேபர் கேம்பில் அந்தக் கேசட் வாங்கின இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்களாம். வியாழன் கூட்டி வருவதாக ரெஜி அண்ணனிடம் போனில் சொல்லியிருந்தாராம்.

"இப்ப அவங்களை எங்கம்மா கூட்டிட்டு வர?" என்றார்.

மாடியில் எங்கள் ஆபீஸுக்கு வரச் சொன்னேன், சிடியை அங்கே போடலாம் என்று. முரளி சாரிடம் இன்னும் கேட்கவில்லை.

போயிட்டு வாங்கண்ணே.