ஜெயக்கொடி தினமும் எழுதிய வரி

மணலியில் டேங்கர் லாரிகளுக்கு ரசாயனம் ஏற்றும் ஒரு யார்டில் ஜெயக்கொடிக்குக் காலை ஷிப்டு. ரிஜிஸ்டர் எழுதுவது அவள் வேலை. அவள் புருஷன் அசோகனுக்கும் அங்கேதான், இரண்டாம் நம்பர் வால்வுக்குக் கீழே நின்று லாரிக்குக் குழாய் மாட்டும் வேலை.

ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டத்தை இங்கிலீஷில் நிரப்ப வேண்டும். முந்தின ஷிப்டு எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதுவதுதான் வழக்கம். அர்த்தம் கேட்டால் மானம் போய்விடுமே! போர்டில் கொட்டை எழுத்தில் டேஞ்சர் என்றிருந்தால் ஜெயக்கொடிக்குத் தெரியும். இந்தக் கூட்டெழுத்தைக் கோலம் போடுவதுபோலப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். சூப்பர்வைசர் பக்தவச்சலம் கையெழுத்துப் போடுவார். அந்த மகாராசனும் ஒருநாள்கூடப் படித்ததில்லை.

வேலை நிரந்தரமாக இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். ஞாயிறுதோறும் டோல்கேட்டில் ஷைனி டீச்சரின் வகுப்புக்குப் போனாள். ஷைனி நாலு கட்டம் போட்டுக் கொடுத்தாள்: பெயர், வினை, பெயரடை, வினையடை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் சொந்தக்காரர்களைத் தேடிப்பிடித்து அந்தந்தக் கட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். டேஞ்சர், எண்டேஞ்சர், டேஞ்சரஸ், டேஞ்சரஸ்லி. சோறு வடிக்கும்போதும் அவள் வாய் முணுமுணுக்கும்.

"இன்னாமே, பேய் ஓட்டிகினு கீறியா?" என்று அசோகன் சிரிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பேனாவும் கையுமாக உட்கார்ந்தவளுக்கு அந்த வரியின் நடுவே ஒரு தெரிந்த முகம். டேஞ்சரஸ்லி. நாலாவது கட்டம். அதன் பக்கத்தில் லீக். அப்புறம் ரிப்ளேஸ்மென்ட், ரிப்ளேஸின் பெயர்க் கட்டம். கடைசியில் இமீடியட்லி. கூட்டிப் படித்தாள். இரண்டாம் வால்வு அபாயகரமாகக் கசிகிறது, உடனே மாற்ற வேண்டும்.

ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதலில் எழுதியது, ஏழு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன எஞ்சினியர். அதையே ஏழு மாதமாக எல்லா ஷிப்டும் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறது. கண் எரிகிறது என்று அசோகன் சொன்னதையெல்லாம் மணலியின் ஆலைக் காற்று என்று விட்டிருந்தாள்.

பக்தவச்சலத்திடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத எழுதினது யாரு? உன் கைதான? தெரிஞ்சேவா எழுதிகினு இருந்தன்னு கேட்டா இன்னா சொல்லுவ? கம்முனு கெட. நாளைலேர்ந்து உன் வூட்டுக்காரன கேட்டாண்ட மாத்திடறேன்."

கம்மென்றுதான் இருந்தாள். அதை மறைக்க எனக்கு மனமில்லை. மறுநாள் அசோகன் கேட்டில் நிழலில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வால்வுக்குக் கீழே யாசின் நின்றான். மதிய ஷிப்டில் ரிஜிஸ்டர் எழுதும் ஷம்ஷாத்தின் தம்பி அவன். அன்று காலையும் ஜெயக்கொடி அதே வரியை எழுதினாள். இந்த முறை அர்த்தம் தெரிந்து.

இரண்டு மணிக்கு ஷம்ஷாத் வந்தாள். பையை வைத்துவிட்டு, ரிஜிஸ்டரைத் திறந்து, பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கி உன் எழுத்து இப்டி கோணிகினு கீது?"

ஜெயக்கொடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத ஷம்ஷாத். மொதல்ல போய் உன் தம்பிய அங்கேர்ந்து இட்டுகினு வா. அப்பறம் சொல்றேன், நாம தெனம் இன்னா எழுதறோம்னு."

வெளியே அடுத்த லாரி இரண்டாம் வால்வை நோக்கிப் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. யாசின் குழாயைத் தூக்கிக்கொண்டு நின்றான்.